மேஸ்திரி தராத பதில்

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, காணாமல்போனவர்களைத் தேடித் தருவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கிய இணையதளத்துக்குக் ‘கரைசேர்’ என்று பெயர். கிழக்குக் கரை நெடுக வீடிழந்தவர்களை லாரி லாரியாக ஏற்றி, மேட்டு மாவட்டங்களில் இருந்த முகாம்களில் இறக்கிவிட்டிருந்தார்கள். எந்த லாரி எங்கே போகிறது என்று ஏறியவர்களுக்கே தெரியாது. முகாமில் இறங்கியதும் பெயர், அப்பா பெயர், ஊர், கைரேகை, ஒரு புகைப்படம். அவ்வளவுதான் பதிவு. முகாமைவிட்டுப் போகும்போது புது முகவரியையும் போன் எண்ணையும் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் தளத்துக்குப் போய்ப் பெயரையும் ஊரையும் தட்டினால், அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று வந்துவிடும்.

தளத்தின் அலுவலகம் திருச்சியில், கன்டோன்மென்ட் பக்கம், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. செலின் அங்கே டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டாள். அதற்கு முன்பு ஒரு வங்கியில் இதே வேலையைச் செய்தவள். தளம் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை க்வெரி என்பார்கள். ஒரு க்வெரி ஏன் இழுக்கிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது. அதில் வரும் ஆட்களின் பெயர்களை அவள் படிப்பதில்லை. படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது என்பது அவள் அனுபவம்.

கடல் வந்து மூன்றாவது வருடம், அலுவலகப் பொறுப்பாளர் ராகவேந்திரன் அவளைக் கூப்பிட்டார்.

“செலின், நன்கொடை குடுக்கறவங்க சார்புல தணிக்கைக்கு வராங்க. எல்லாத் தேடலும் ரெண்டு செகண்டுல முடியுது. ஆனா ஒரு இருநூத்திச் சொச்சம் தேடல் மட்டும் எப்பவுமே முடிய மாட்டேங்குது. சற்று நேரம் கழித்து முயலவும்னே வருது. ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“பாக்கறேன் சார்” என்றாள் செலின்.

பார்த்தாள். சர்வரில் பாரம் இல்லை. ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு நிற்கும் வேலைகளும் இல்லை. கூட்டம் குறைந்த நேரத்திலும் அந்தத் தேடல்கள் அப்படியே நின்றுபோயின. அதே ஊரிலிருந்து, அதே தெருவிலிருந்து இன்னொருவர் இன்னொரு பெயரைத் தட்டினால் நொடியில் பதில் வந்தது.

அவள் இதில் மூழ்கியிருந்த ஒரு முற்பகலில், வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகனும் படியேறி வந்தார்கள். மகன் பெயர் சிவநேசன். முப்பது வயதிருக்கும். சலவைச் சட்டை, பணிவான பேச்சு. அம்மா வேதவல்லி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தங்கச்சியத் தேடறோம் மேடம். இலக்கியான்னு பேரு” என்றான் சிவநேசன். “ரெண்டு வருஷமாத் தட்டிக்கிட்டிருக்கேன். எப்பப் பாத்தாலும் அப்பறமா முயற்சி பண்ணுன்னே வருது. அம்மா சரியாச் சாப்புட்டு எவ்வளவோ நாளாச்சு. உசுரோட இருக்காளா இல்லையான்னு மட்டும் சொன்னாக்கூடப் போதும்.”

அவன் கண்கள் கலங்கியிருந்தன. நேரில் வருபவர்களுக்குத் தேடித் தருவது வழக்கமில்லை. ஆனாலும் நின்றுபோகும் தேடல்களில் ஒன்று ஆளாகவே எதிரே வந்து உட்கார்ந்திருக்கும்போது அதை ஓட்டிப் பார்க்காமல் இருக்க செலினால் முடியவில்லை. வழக்கமாக எல்லா க்வெரிகளும் ‘மேஸ்திரி’ வழியாகத்தான் போகும். எந்தக் கேள்விக்கு எந்த வழியாகப் போய்ப் பதில் எடுத்து வருவது என்று முடிவுசெய்கிற, தானாகவே கற்றுக்கொள்கிற ஒரு நிரல் அது. ஆளுக்கு ஆள் வேலை பிரித்துக் கொடுப்பதால் அலுவலகத்தில் அதற்கு அந்தப் பெயர். செலின் தன் கணினியில் மேஸ்திரியை ஒதுக்கிவைத்துவிட்டு, நேராக டேட்டாபேஸிடம் கேட்டாள்.

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. பெயர், ஊர், அப்பா பெயர், தர்மபுரி பக்கத்தில் ஒரு முகவரி, ஒரு புகைப்படம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் நெற்றியும் மூக்கும் அந்தப் படத்தில் அப்படியே இருந்தன.

“இருக்காங்க” என்றாள் செலின். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது.

சிவநேசன் எழுந்து நின்றான். “எங்க மேடம்?”

அதுவரை வாய் திறக்காத வேதவல்லி, “அந்தப் பேருல வேற பொண்ணா இருக்கும்மா. எங்க பக்கம் அந்தப் பேரு நெறைய உண்டு” என்றாள்.

“நீ சும்மா இரும்மா.”

கிடைத்துவிட்டது என்று நம்பி ஏமாந்துபோகப் பயப்படுகிறாள் என்று செலின் நினைத்துக்கொண்டாள். முகவரியைத் தளத்தின் வழியாகத்தான் தர முடியும், கோளாறு இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும், அதன் பிறகு தட்டினால் தானாக வரும் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். சிவநேசன் கைகூப்பிவிட்டுப் போனான்.

கோளாறு மேஸ்திரியிடம்தான் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அது போன வழிகளின் பதிவை எடுத்துச் செலின் பார்த்தாள். மற்ற தேடல்களுக்கு ஊரின் பெயரை வைத்து நேராகப் போகும் மேஸ்திரி, இலக்கியாவின் பெயர் வந்ததும் எல்லா முகாம்களின் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தது. நேரம் கடந்ததும் தளம் அதை நிறுத்திவிட்டு, சற்று நேரம் கழித்து முயலச் சொன்னது. தெரியாமல் எடுக்கிற வழியாக இருந்தால், இத்தனை முயற்சியில் எப்போதாவது தவறியாவது நல்ல வழி அமைந்திருக்கும். ஒருமுறைகூட அமையவில்லை.

மேஸ்திரியை எழுதிய நூருதீன் இப்போது பெங்களூரில் வேறு வேலையில் இருந்தார். செலின் அவரைப் போனில் கூப்பிட்டாள்.

“பாய், உங்க மேஸ்திரி வேணும்னே சுத்திச் சுத்திப் போகுது.”

“வேணும்னே செய்யற அளவுக்கு அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மொத்த வேலையைக் குறைக்கணும். அது ஒண்ணுதான் தெரியும்.”

“நொடியில முடியறதை இப்படி இழுத்தா வேலை எப்படிக் குறையும்?”

“அந்த ஒரு கேள்வியை மட்டும் பாக்காத. பதில் சொன்னதுக்கு அப்பறம் அந்த ஆள் பேருல என்னென்ன கேள்வி வந்து சேருதோ, அதையும் சேத்துக் கணக்குல எடுக்கச் சொல்லித்தான் எழுதினேன். ஒருத்தர் தேடறாரு, கிடைக்குது, சேந்துடறாங்க. அப்பறம் அந்தப் பேரை யாரும் கேக்க மாட்டாங்க. அது நல்ல பதில். பதில் கொடுத்ததும் அதே பேரைக் கேட்டு நூறு பேர் வந்து நின்னா, அது வேலை வைக்கிற பதில். அப்படிப்பட்டதைத் தவிர்க்கப் பாக்கும்.”

“எதுக்கு நூறு பேர் வருவாங்க?”

“ஆரம்பத்துல, அது இன்னும் கத்துக்காதப்ப, எல்லாத்துக்கும் ஒழுங்காப் பதில் கொடுத்துச்சு இல்லையா. அப்ப எந்தெந்தப் பேருக்கு அப்படிக் குவிஞ்சுதுன்னு எடுத்துப் பாரு” என்றார்.

செலின் எடுத்தாள். அந்த வேலைக்குப் பெயர்களைப் படித்துத்தான் ஆக வேண்டும். சேலத்தில் ஒரு பெண் கிடைத்திருந்தாள். கிடைத்த சில நாட்களில் அதே பெயரைக் காவல் நிலையத்திலிருந்து கேட்டிருந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து, பிறகு பத்திரிகைகள், வக்கீல்கள், நீதிமன்றம். கடைசியில் பதிவில் ‘காலமானார்’ என்று மாற்றியிருந்தார்கள். அடுத்த பெயர் ஒரு பையன். கூடவே அவன் மனைவி. அதற்கடுத்தது கணவனிடமிருந்து ஓடிவந்து, முகாமில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். எல்லாவற்றிலும் அதே வரிசை. தேடியது அப்பா, அண்ணன், கணவன். கிடைத்தது. பிறகு கேள்விகள் குவிந்தன.

அவள் திரும்ப நூருதீனைக் கூப்பிட்டாள். “இதெல்லாம் கொலைன்னு அதுக்குத் தெரியுமா பாய்?”

“தெரியாதும்மா. அதுக்கு அது கூடுதல் வேலை. அவ்வளவுதான்.”

“யார் தேடினா அப்படி ஆகும்னு எப்படிக் கண்டுபிடிக்குது?”

“தேடற தினுசை வச்சுத்தான். வீடே போனவங்க பத்துப் பேரைத் தேடுவாங்க. ஒரே ஒரு பேரை மட்டும், ஒரே ஊர்லேர்ந்து, நாலஞ்சு போன்ல மாத்தி மாத்தித் தேடினா அது வேற. இப்படி ஏதாவது இருக்கும். எழுதின எனக்கே முழுசாத் தெரியாது. தப்பாவும் கணிக்கும், பாத்துக்க.”

தப்பாகவும் கணித்திருந்தது. கோடியக்கரைப் பக்கத்தில் ஒரு அக்காவும் தம்பியும் மட்டும் பிழைத்திருந்தார்கள். ஆளுக்கொரு முகாம். அவள் அவனைத் தேடினாள், அவன் அவளைத் தேடினான். ஒரே ஒரு பெயர், கைக்குக் கிடைத்தவர்களின் போனையெல்லாம் வாங்கி மாற்றி மாற்றி. மேஸ்திரி இருவரையும் நிறுத்திவைத்துவிட்டது. தம்பி சிறுநீரகக் கோளாறில் ஈரோட்டு முகாமிலேயே இறந்துபோயிருந்தான். அக்கா இன்னமும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரிக்கு நன்றி சொல்வதா, அதைத் திட்டுவதா என்று செலினுக்குத் தெரியவில்லை. நன்றிக்கும் திட்டுக்கும் அங்கே ஆள் இல்லை.

இலக்கியாவின் பதிவில் ஒரு போன் எண் இருந்தது. செலின் மாடிப்படிக்கு வந்து நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“கரைசேர்லேர்ந்து பேசறேன். இலக்கியாதானே?”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. மகளைப் பெயர் சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டு வந்து, “யாரு தேடறா?” என்று கேட்டாள் இலக்கியா. வேறு எதையும் கேட்கவில்லை.

“உங்க அண்ணன். அம்மாவும் கூட வந்திருந்தாங்க.”

“அட்ரஸ் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“இருக்கேன்னு சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்” என்றாள்.

இலக்கியா திட்டவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். “எங்க வீட்டுக்காரரு வேற சாதி மேடம். நாங்க பழகறது தெரிஞ்சதும் என்னைய மாட்டுக் கொட்டாய ஒட்டியிருந்த ரூமுல போட்டுப் பூட்டிட்டாங்க. இவரைத் தேடிக்கிட்டு அண்ணன் ஆளோட அலைஞ்சான். கடல் வந்த அன்னைக்குத்தான் அந்தக் கதவு உடைஞ்சுது. ஊரே கடலத் திட்டுது. எனக்குத் திட்ட வாய் வரல.”

“அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமா?”

“அம்மாவப் பாக்கணும்னு இல்லாம இல்ல. ஆனா அம்மா எங்க வந்தாலும் பின்னாடியே அவன் வருவான். எங்க பேர அதுலேர்ந்து எடுத்துடுங்க மேடம்.”

பதிவை அழிக்கும் அதிகாரம் செலினுக்கு இல்லை. அதைச் சொன்னபோது இலக்கியா, “அப்ப நாங்க வேற எடம் பாத்துக்கறோம்” என்றாள். அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். அவள் கணவன் கிரானைட் பட்டறையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட வேண்டியதாயிற்று. செலின் சொன்ன ஒரு சொல்லுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

மறுநாள் அவள் எல்லாவற்றையும் ராகவேந்திரனிடம் சொன்னாள்.

“நாம தேடிக் குடுக்கறவங்க, செலின்” என்றார் அவர். “யார் நல்லவன், யார் கெட்டவன்னு பாக்கற எடம் இது இல்ல. அந்த மேஸ்திரியைத் தூக்கிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி பதில் வர வை.”

“இவங்களைப் பத்திப் படிச்சுட்டுச் சொல்லுங்க சார்.” செலின் சேலத்துப் பெண்ணின் பதிவையும் மற்றவற்றையும் அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்தார். படிக்கப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முடித்ததும் குரல் தணிந்திருந்தது. “அப்ப அதை அப்படியே ஓட விட்டுடு. தணிக்கைக்கு நான் ஏதாவது சொல்லிக்கறேன்.”

செலின் கோடியக்கரை அக்காவையும் தம்பியையும் பற்றிச் சொன்னாள்.

ராகவேந்திரன் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். “தூக்கவும் கூடாது, விடவும் கூடாது. என்னதான் செய்யச் சொல்ற?”

“கிடைச்ச ஆளை முதல்ல கேக்கணும். இன்னார் உங்களைத் தேடறாங்க, சொல்லலாமான்னு. அவங்க சரின்னாத்தான் சொல்லணும்.”

“பல லட்சம் பேரும்மா. ஆரம்பத்துலயே கேட்டிருக்கணும்னு சுலபமாச் சொல்லிடலாம். லாரியிலேர்ந்து நனைஞ்ச துணியோட எறங்கினவங்ககிட்ட, உங்களைத் தேட விடலாமான்னு யாரு கேப்பா?”

“இப்பக் காஞ்சிடுச்சே சார்.”

கடைசியில் அவர், ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்றார்.

செலின் மேஸ்திரியை நிறுத்தினாள். யாரைத் தேடினாலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தளம் இனி ஒரே வரியைத்தான் காட்டும்: ‘உங்கள் தேடலைப் பதிவுசெய்துகொண்டோம். சொல்ல ஏதும் இருந்தால் நாங்களே அழைப்போம்.’ சிலருக்கு ஒரு வாக்கியமும் சிலருக்கு இன்னொன்றும் வந்தால், அந்த வித்தியாசமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரே வரி. பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க ஆட்களைப் போட்டார்கள். இரண்டு நொடியில் கிடைத்துக்கொண்டிருந்த பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாளெல்லாம் அலுவலகப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, பெரும்பாலும் திட்டுவதற்கு. திட்டியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அப்பாவிகள் என்பது செலினுக்குத் தெரியும். தணிக்கைக்கு வந்தவர்கள், நன்றாக ஓடிய தளத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எழுதிவைத்துப் போனார்கள். ஒரு நன்கொடையாளர் விலகிக்கொண்டார். ஆனாலும் ஒரு மாதம் என்றது நீண்டுகொண்டே போனது. நிறுத்தச் சொல்ல ராகவேந்திரனுக்கு வாய் வரவில்லை.

கோடியக்கரை அக்காவைச் செலினே கூப்பிட்டாள். தம்பி இறந்த செய்தியைச் சொல்லி, முன்பே சொல்லியிருக்க வேண்டியது, எங்கள் பக்கம் தவறு என்றாள். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பொதச்சாங்களா, எரிச்சாங்களா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்றாள். செலின் ஈரோட்டுக்குப் பேசி விசாரித்துச் சொன்னாள். அன்று மதியம் அவளால் சாப்பிட முடியவில்லை. அதற்குப் பிறகு பெயர்களைப் படிக்காமல் வேலை செய்யவும் முடியவில்லை.

சில மாதங்கள் கழித்து சிவநேசன் திரும்ப வந்தான். கூடவே வேதவல்லி. இந்த முறை அவன் உட்காரவில்லை.

“அன்னைக்கு இருக்கான்னு சொன்னீங்க.”

“நான் பாத்தது வேற பொண்ணுங்க” என்றாள் செலின். அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “உங்க அம்மா சொன்னதுதான் சரி. அதே பேரு, பக்கத்து ஊரு. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்.”

“எந்த ஊரு? அந்தப் பொண்ணோட போட்டோவக் காட்டுங்க.”

“அது வேற ஒருத்தரோட பதிவு. காட்டக் கூடாது.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். முன்பு பார்த்த ஈரம் அந்தக் கண்களில் இப்போது இல்லை. அப்போது அவன் போன் அடித்தது. மாடியில் சிக்னல் சரியாக இல்லை. “இங்கயே இரும்மா, வந்துடறேன்” என்று படியிறங்கிப் போனான்.

வேதவல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கும்வரை பேசவில்லை.

“ஏம்மா, அவன் தட்டுனா இனிமே இந்த ஒரே வரிதான் வருமா?”

“ஆமாம்மா. உங்க பொண்ணு சரின்னு சொன்னாத்தான் வேற வரும்.”

“முன்னால அவன் போன எடுத்துத் தட்டுறப்பல்லாம் நான் அடுப்படியில நின்னு வேண்டிக்கிட்டே இருப்பேன். அப்பறமா வான்னு வரணும், அப்பறமா வான்னு வரணும்னு. அப்படியே வரும். யாரோ ஒரு புண்ணியவான் அங்க உக்காந்துக்கிட்டு, தெரிஞ்சேதான் இத அமுக்கி வச்சிருக்கான்னு நெனச்சிக்குவேன். நீதானா அது?”

“நான் இல்லம்மா.”

“வேற யாரு?”

“ஒரு மேஸ்திரி இருந்தாரு. இப்ப வேலையில இல்ல” என்றாள்.

“எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்றாள் வேதவல்லி.

கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்ற விதியை எழுதியவளே செலின்தான். இலக்கியாவிடம் அவள் இதைக் கேட்டிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். “உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கா.”

வேதவல்லியின் முகத்தில் பெரிய மாற்றம் ஏதும் தெரியவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செலின் மெதுவாகக் குழந்தையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

வேதவல்லி சட்டென்று கையை உயர்த்தித் தடுத்தாள். “பேரு வேணாம் கண்ணு. தெரிஞ்சா என்னைக்காச்சும் தூக்கத்துல வாயில வந்துடும்.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

“என்னம்மா, என்ன சொல்றாங்க?” என்று கேட்டுக்கொண்டே சிவநேசன் உள்ளே வந்தான்.

“என்னத்தச் சொல்றது. அது நம்ம புள்ள இல்லியாம்டா” என்றாள் வேதவல்லி. “வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவனுக்கு முன்னால் அவள் படியிறங்கிப் போனாள்.